உயிர்களின் வம்சாவளி – 17: எறியாமல் வைத்த துணுக்கு

ஆம்ஸ்டர்டாம் மிருகக்காட்சிசாலையில் 1883 ஆகஸ்ட் 12 அன்று ஒரு பெண் குவாகா செத்துப்போனது. கூண்டில் ஒரு மிருகம் சாவது அப்படியொன்றும் பெரிய செய்தி இல்லை. வேண்டுமானால் இன்னொன்றைத் தருவித்துக்கொள்ளலாம். ஆனால் இன்னொன்று இல்லை. உலகத்தின் கடைசிக் குவாகா அதுதான் என்பது பின்னாளில்தான் தெரியவந்தது.

அது தெரியாமல் போனதற்குப் பெயரும் ஒரு காரணம். தென்னாப்பிரிக்காவின் கோய்கோய் மக்கள் அந்த விலங்கின் கனைப்பைக் கேட்டு வைத்த பெயர் குவாகா. நாம் காகத்துக்குப் பெயர் வைத்த மாதிரிதான். வந்து குடியேறிய ஐரோப்பியர்களோ எல்லா வரிக்குதிரைகளையும் பொதுவாகக் குவாகா என்றே அழைத்தார்கள். அதனால் காரூ சமவெளியில் அசல் குவாகா தீர்ந்துபோன பிறகும் குவாகாவைப் பற்றிய பேச்சு மட்டும் தீரவில்லை. தலை, கழுத்து, முன்னுடல் வரைக்கும் வரிகள். அதற்குப் பின்னால் வெறும் பழுப்பு. வயிறும் காலும் வெள்ளை. வரி போடத் தொடங்கியவர் பாதியில் தூரிகையை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனதுபோல இருக்கும். அதன் தோலில் தானியம் போட்டு வைக்கும் சாக்குகள் தைத்தார்கள். கேப் காலனியில் வேட்டைக்குத் தடை வந்தது 1886-இல். ஆம்ஸ்டர்டாம் குவாகா செத்து மூன்று ஆண்டு கழித்து.

உயிரோடு படம் பிடிக்கப்பட்டது லண்டன் மிருகக்காட்சிசாலையில் இருந்த ஒரே ஒரு குவாகாதான். அதன் படங்கள் ஐந்து. அவற்றையும், ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடந்த இருபத்துச் சொச்சம் தோல்களையும் விட்டால் அந்த இனத்துக்கு வேறு சாட்சி இல்லை. நூறு ஆண்டு கழித்து அந்தத் தோல்களில் ஒன்றைப் பேசவைத்த கதைதான் இந்த இதழ்.

சென்ற இதழில் பெர்க்லியில் நின்றோம். 1967-இல் வின்சென்ட் சாரிச்சும் ஆலன் வில்சனும் இரத்தத்தில் இருக்கும் அல்புமின் என்ற புரதத்தை ஒப்பிட்டு, மனிதனும் சிம்பன்சியும் பிரிந்து 50 லட்சம் ஆண்டுதான் ஆகிறது என்றார்கள். எலும்பு தோண்டுகிறவர்களுக்குக் கோபமான கோபம். சிவாலிக் மலையில் கிடைத்த ராமாபிதிகஸின் தாடை ஒரு கோடி ஆண்டுக்கும் பழசு, அதுவே மனித வம்சத்தில் சேர்ந்தாகிவிட்டது, இதில் 50 லட்சம் எங்கிருந்து வந்தது என்பது அவர்கள் கட்சி. பிறகு பாகிஸ்தானில் சிவாபிதிகஸ் ஒன்றின் முக எலும்பு கிடைத்தது. ராமனும் சிவனும் ஒரே குடும்பம், இருவரும் ஒராங்உட்டான் பக்கத்து உறவு என்று 1980-களின் தொடக்கத்தில் தெளிவானது. பெர்க்லிக்காரர்கள் சொன்ன கணக்கு நின்றது.

வில்சன் நியூசிலாந்துக்காரர், பால்பண்ணை வீட்டுப் பிள்ளை. புரதத்தில் கடிகாரம் ஓடுகிறது என்று நிரூபித்ததோடு அவர் ஓயவில்லை. ஆனால் அந்த முறையில் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. புரதத்தை ஒப்பிட நல்ல இரத்தம் வேண்டும், திசு கெடாமல் இருக்க வேண்டும். உயிரோடு இருப்பதை மட்டுமே கேள்வி கேட்க முடியும். செத்தவர்களிடம் கேட்க வழி இல்லை.

அந்த வழியைத் திறந்தவர் ஒரு விஞ்ஞானி அல்ல. விலங்குகளைப் பாடம் செய்கிறவர். பெயர் ரைன்ஹோல்ட் ராவ். பெயரைப் பார்த்து ஆந்திரக்காரர் என்று எண்ணிவிட வேண்டாம், ஜெர்மானியர். கேப்டவுனில் தென்னாப்பிரிக்க அருங்காட்சியகத்தில் வேலை. அங்கே ஒரு குவாகாக் குட்டி இருந்தது. யாரோ எந்தக் காலத்திலோ அரைகுறையாகப் பாடம் செய்து, வைக்கோல் திணித்து நிறுத்தியது. அதைப் பார்க்கப் பார்க்க ராவுக்குப் பொறுக்கவில்லை. 1969 வாக்கில் அதைப் பிரித்து மறுபடி பாடம் செய்ய உட்கார்ந்தார்.

தோலை ஊறவைத்து உரித்தால் உள்பக்கம் காய்ந்த தசை ஒட்டிக்கொண்டிருக்கிறது. நல்ல கைகாரர் பாடம் செய்திருந்தால் அது இருந்திருக்காது. தோலைச் சுரண்டிச் சுத்தம் செய்வதுதான் அந்தத் தொழிலின் முதல் பாடம். முன்னவர் செய்த அரைகுறை வேலை நமக்கு லாபமாயிற்று. பின்னாளில் ஜெர்மனியின் மைன்ஸ் நகர அருங்காட்சியகத்துக் குவாகாக்களையும் ராவ் பிரித்துச் சீர்செய்தார். அங்கேயும் இதே கதை, உள்ளே ஒட்டிய தசை, சவ்வு. சுரண்டிக் குப்பையில் போட்டிருந்தால் யாரும் ஒன்றும் கேட்டிருக்கப் போவதில்லை. அவர் அதை எடுத்துப் பத்திரப்படுத்தினார். எதற்கு உதவும் என்று அப்போது அவருக்கே தெரிந்திருக்க நியாயமில்லை. என் பாட்டி அறுந்த ஊக்கு, ஒற்றைப் பொத்தான் எல்லாவற்றையும் ஓவல்டின் டப்பாவில் போட்டு வைத்திருப்பாள். அந்தச் சாதி மனிதர் ராவ்.

சான்டியாகோ மிருகக்காட்சிசாலையின் ஆலிவர் ரைடர் குதிரை இனங்களின் மரபியலை ஆராய்ந்தவர். உயிரோடு இருக்கும் வரிக்குதிரைகளின் இரத்தமும் திசுவும் கிடைக்குமா என்று ராவுக்குக் கடிதம் எழுதினார். வரிக்குதிரை இருக்கட்டும், குவாகாவே இருக்கிறது, காய்ந்த தசை, வேண்டுமா என்று பதில் போனது. அந்தத் துணுக்கு ரைடர் வழியாகப் பெர்க்லியில் வில்சனின் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ரஸ்ஸல் ஹிகூச்சி என்ற இளைஞர் கையில் எடுத்தார்.

அவர் கையில் கிடைத்தது ஏறத்தாழ 140 ஆண்டு காய்ந்த சுக்கு மாதிரி ஒன்று. நல்ல திசுவில் டி.என்.ஏ. நீளநீளமான நூலாக வரும். இதில் வந்ததோ பொடிப்பொடியாக, அதுவும் சொற்பம். செத்த உடலில் நொதிகள் டி.என்.ஏ.வைக் கடித்துக் குதறிவிடும். மிச்சத்தை ஈரமும் காற்றும் அரிக்கும். ஆனால் ஒரு வழி இருந்தது. நம் செல்களின் கருவுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இரண்டே பிரதி. கருவுக்கு வெளியே மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் குட்டி டி.என்.ஏ. வளையமோ ஒரே செல்லில் நூற்றுக்கணக்கான பிரதிகளாக இருக்கும். பெரிய நூலகம் எரிந்துபோனாலும், ஊரெல்லாம் விநியோகித்த துண்டுப்பிரசுரம் எங்காவது ஒன்று தப்பித்திருக்கும் அல்லவா? ஹிகூச்சி தேடியது அந்தத் துண்டுப்பிரசுரத்தை.

அப்போதைய முறை இன்றைக்குப் பார்த்தால் மாட்டுவண்டிப் பயணம். கிடைத்த டி.என்.ஏ. பொடியை, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸுக்குள் செருக வேண்டும். வைரஸை பாக்டீரியாவுக்குள் விட்டுப் பெருக்க வேண்டும். தட்டுத்தட்டாக வளர்த்து, மலை வரிக்குதிரையின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வைத் தூண்டிலாகப் போட்டு, எது ஒட்டுகிறது என்று பார்க்க வேண்டும். ஒட்டியதில் இரண்டு துண்டுகள் எழுத்தெழுத்தாகப் படிக்கப்பட்டன. இரண்டும் சேர்ந்து 229 எழுத்து.

229 எழுத்து என்றால் எவ்வளவு? மைட்டோகாண்ட்ரியா வளையம் மொத்தம் ஏறக்குறைய 16,500 எழுத்து. அதில் எழுபதில் ஒரு பங்குதான். அந்தச் சின்னத் துண்டில் குவாகாவுக்கும் மலை வரிக்குதிரைக்கும் 12 இடங்களில் வேறுபாடு தெரிந்தது. இருவருக்கும் பொதுவான மூதாதை வாழ்ந்தது 30 அல்லது 40 லட்சம் ஆண்டுக்கு முன் என்று கணக்கு வந்தது. 1984-இல் 'நேச்சர்' இதழில் கட்டுரை வெளியானது. மண்ணைவிட்டே மறைந்த ஓர் உயிரினத்தின் டி.என்.ஏ.வை மனிதர் படித்தது அதுவே முதல்முறை.

குவாகா குதிரைக்கு நெருக்கமா, வரிக்குதிரைக்கு நெருக்கமா என்று பல்லையும் மண்டையோட்டையும் வைத்துக்கொண்டு அதற்கு முன் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. குதிரைதான் என்று சொன்னவர்களும் உண்டு. தனி இனம் என்றவர்களும் உண்டு. சமவெளி வரிக்குதிரையின் ஒரு கிளைதான், நிறம் மட்டும் மாறியிருக்கிறது என்பது ராவின் கட்சி. அடுத்தடுத்த ஆய்வுகள் ராவின் பக்கம் சாய்ந்தன. 2005-இல் எட்டுக் குவாகாக்களின் டி.என்.ஏ.வைப் படித்தவர்கள், அது சமவெளி வரிக்குதிரையின் கிளையினம்தான், பிரிந்தது சுமார் 1,20,000 முதல் 2,90,000 ஆண்டுகளுக்குள் என்று முடிவு சொன்னார்கள்.

ராவ் அந்த முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. 1987-இல் நமீபியாவின் எடோஷா பூங்காவிலிருந்து வரி குறைந்த 9 சமவெளி வரிக்குதிரைகளைக் கொண்டுவந்து, வரி குறைந்தவற்றையே மேலும் மேலும் இணைசேர்த்து, குவாகாவை 'மீட்க' இறங்கினார். அடுத்த ஆண்டே முதல் குட்டி பிறந்தது. தலைமுறைக்குத் தலைமுறை பின்பக்கத்து வரி மங்கிக்கொண்டே வந்தது. அவர் 2006-இல் இறந்தார். மங்கிய வரிகளோடு மேயும் அந்த விலங்குகளுக்கு அவர் பெயரையும் சேர்த்து 'ராவ் குவாகா' என்று சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் அது குவாகா வேஷம் கட்டிய வரிக்குதிரை. தோல் நிறம் திரும்பியிருக்கிறது, அவ்வளவே. நிறத்தோடு வேறு எது எது போனதென்று 229 எழுத்தோ 16,500 எழுத்தோ சொல்லாது. ஆனாலும் அந்த மனிதரிடம் எனக்குக் கோபம் வரவில்லை.

இனி ஒரு தவறு. 12 வேறுபாடு என்றார்களே, அதில் இரண்டு குவாகாவுடையவை அல்ல. பழுதான டி.என்.ஏ.வை பாக்டீரியாவுக்குள் விட்டுப் பெருக்கும்போது புகுந்த பிழைகள் அவை. கிழிந்த பழைய ஏட்டைப் படி எடுக்கிறவர், எழுத்து தெரியாத இடத்தில் தானாக ஒன்றைப் போட்டு நிரப்புவது போல. பிழையைக் கண்டுபிடித்து 1988-இல் வெளியிட்டதும் அதே வில்சனின் ஆய்வகம்தான். வேறு யாரோ வந்து காட்டிக்கொடுக்கும் வரை அவர்கள் காத்திருக்கவில்லை. இதற்குத் துணையாக வந்தது ஒரு புதிய கருவி: பி.சி.ஆர்.

இந்தப் பெயரை இப்போது குழந்தைக்கும் விளக்க வேண்டியதில்லை. கொரோனாக் காலத்தில் மூக்கில் குச்சி விட்டவர்கள் எல்லாருக்கும் தெரியும். கேரி மல்லிஸ் 1983-இல் ஒரு வெள்ளி இரவு, கலிபோர்னியாவின் மலைச்சாலையில் கார் ஓட்டிக்கொண்டு போகையில் இந்த யோசனை வந்ததாகச் சொல்வார். பெர்க்லிக்குப் பக்கத்தூரான எமெரிவில்லில், சீட்டஸ் என்ற நிறுவனத்தில் அவருக்கு வேலை. யோசனை எளிது. டி.என்.ஏ.வின் இரட்டை இழையைச் சூடாக்கினால் பிரியும். நமக்கு வேண்டிய பகுதியின் இரண்டு முனைகளிலும் ஒட்டிக்கொள்ளும்படி பிரைமர் என்ற சின்னத் துணுக்குகளைப் போட்டால், சூடு தணியும்போது அவை தம் இடத்தில் போய் உட்காரும். ஒரு நொதி அங்கிருந்து இழையை நீட்டிக்கொண்டு போகும். ஒன்று இரண்டாயிற்று. மறுபடி சூடாக்கு, இரண்டு நான்கு. சதுரங்கக் கட்டத்தில் நெல்மணி வைத்த கதைதான். 30 சுற்று முடிந்தால் ஒரே துண்டு 107 கோடியாகியிருக்கும்.

ஆனால் ஒவ்வொரு முறை சூடாக்கும்போதும் நொதி வெந்து செத்துவிடும். ஆய்வகத்துப் பிள்ளைகள் குழாயைத் திறந்து புதிதாக நொதி ஊற்றிக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த வேதனை தீர்ந்த விதம் நம் கதையோடு சேர்ந்தது. 1960-களில் தாமஸ் பிராக் என்பவர் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்ந்தார். கொதிக்கும் தண்ணீரில் எது வாழும் என்ற வெறும் ஆர்வம்தான். தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, நுண்ணுயிர்களைச் சேமித்து வைக்கும் பொதுக் களஞ்சியத்தில் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். ஏறக்குறைய இருபது ஆண்டு கழித்து, வெந்நீரில் வேகாத அதன் நொதியைத்தான் சீட்டஸ்காரர்கள் பி.சி.ஆர். குழாயில் போட்டார்கள். மல்லிஸுக்கு நிறுவனம் கொடுத்த ஊக்கத்தொகை 10,000 டாலர். பி.சி.ஆர். உரிமையைப் பின்னால் விற்றது 30 கோடி டாலருக்கு. 1993-இல் அவருக்கு நோபல் கிடைத்தது என்பதைச் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

குவாகாவைப் படித்த ஹிகூச்சியும் பிறகு சீட்டஸுக்குப் போனார். பெருகும் டி.என்.ஏ.வை, பெருகும்போதே அளந்து காட்டும் பி.சி.ஆர். முறை 1990-களின் தொடக்கத்தில் அவர் குழுவிலிருந்து வந்தது. கொரோனாப் பரிசோதனைக்கு அடிப்படை அந்த முறைதான். நம் மூக்குக்கும் மைன்ஸ் நகரத்துக் குவாகாவுக்கும் உள்ள சம்பந்தம் இவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது.

வில்சனின் ஆய்வகத்தில் எது பயன்படும், எது குப்பை என்ற கணக்கே வேறு. 1987-இல் ரெபேக்கா கேன், மார்க் ஸ்டோன்கிங், வில்சன் மூவரும் உலக மக்களின் தாய்வழி மரம் ஆப்பிரிக்காவில் வேர்விட்டது என்று சொன்னார்களே, அதற்கு எடுத்த 147 மாதிரிகளில் இரண்டைத் தவிர மற்றதெல்லாம் ஆஸ்பத்திரிகளில் பிரசவத்துக்குப் பின் வெளியே போட இருந்த நஞ்சுக்கொடிகள். நம் ஊரில் மாடு கன்று போட்டால் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவார்கள். கேன் ஊர் ஊராகக் கேட்டு வாங்கி உறையவைத்தார். அந்தக் கதைக்குத் தனி இதழ் ஒதுக்கியிருக்கிறேன், இங்கே வேண்டாம்.

1985-இல் ஸ்வீடனின் உப்சாலாவிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. எகிப்திய மம்மி ஒன்றிலிருந்து டி.என்.ஏ. எடுத்ததாக ஸ்வாந்தே பேபோ எழுதியிருந்தார். படித்த வில்சன், உங்கள் ஆய்வகத்தில் ஓராண்டு வந்து வேலை செய்யலாமா என்று 'பேராசிரியர் பேபோ'வுக்குக் கடிதம் போட்டார். பேபோவுக்கு ஆய்வகமே கிடையாது, முனைவர் பட்டம்கூட வாங்காத மாணவர். மம்மி வேலையையே வழிகாட்டிக்குத் தெரியாமல்தான் செய்துகொண்டிருந்தார். முதல் சோதனைக்குக் கடையில் கன்றுக்குட்டி ஈரல் வாங்கி, ஆய்வகச் சூட்டடுப்பில் வைத்து மம்மியாக்கப் பார்த்து, நாற்றம் கிளம்பியது என்று அவரே எழுதியிருக்கிறார். கடைசியில் 1987-இல் பேபோதான் பெர்க்லிக்குப் போய் வில்சனிடம் சேர்ந்தார். அந்த மம்மி டி.என்.ஏ. யாரோ தொட்டவருடையதாக இருக்கலாம் என்ற சந்தேகம் பின்னால் வந்தது. அதையும் முதலில் சந்தேகித்தவர்களில் அவர் ஒருவர். 2022-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பெர்க்லியில் அவர் கைவைத்த வேலைகளில் எனக்கு மிகப் பிடித்தது மம்மியும் அல்ல, குவாகாவும் அல்ல. ஒரு எலி.

பெர்க்லி பல்கலைக்கழகத்தின் முதுகெலும்பு விலங்கியல் அருங்காட்சியகம் 1908-இல் தொடங்கியது. சர்க்கரை வியாபாரத்தில் சம்பாதித்த குடும்பத்துப் பெண் ஆனி அலெக்சாண்டர் பணம் கொடுத்தார், ஜோசப் கிரின்னெல் இயக்குநரானார். கலிபோர்னியா முழுக்கக் கிரின்னெலின் ஆட்கள் போனார்கள். பிடித்த ஒவ்வொரு எலிக்கும் குருவிக்கும் எந்த நாள், எந்த இடம், என்ன செடி, என்ன வானிலை என்று குறிப்பு எழுதினார்கள். சலிப்பூட்டும் வேலை. கிரின்னெல் 1910-இலேயே ஒன்று சொல்லிவைத்தார்: இந்தச் சேகரத்தின் உண்மையான மதிப்பு தெரிய ஒரு நூற்றாண்டு ஆகலாம், பத்திரமாக இருந்தால். டி.என்.ஏ. என்ற பெயரையே அவர் கேட்டிருக்க முடியாது.

அந்த இழுப்பறைகளில் கங்காரு எலிகளின் தோல்களும் இருந்தன. பின்னங்காலால் தாவும், கன்னப் பைகளில் விதையை அடைத்துக்கொண்டு ஓடும், தண்ணீரே குடிக்காமல் வாழ்ந்துவிடும் வறண்ட நிலத்து எலி. வில்சன், பேபோ, அவர்களுடைய கூட்டாளிகள் அந்தத் தோல்களிலிருந்து சின்னத் துணுக்கு எடுத்து மைட்டோகாண்ட்ரியா எழுத்துகளைப் படித்தார்கள். பிறகு பழைய குறிப்பேடுகளைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடங்களுக்குப் போய்ப் புதிதாக எலி பிடித்துப் படித்தார்கள். 1990-இல் வெளியான முடிவு: அந்தந்த இடத்து எலிக் குடும்பம் அந்தந்த இடத்திலேயே இருக்கிறது. வேறு குடும்பம் வந்து ஊரைப் பிடிக்கவில்லை.

இதில் என்ன பெரிதாகக் கண்டார்கள் என்று தோன்றலாம். எனக்கு அந்தக் கட்டுரையில் கண்ணில் பட்டது முடிவு அல்ல, முறை. அதுவரை பரிணாமம் படித்தவர்கள் இன்றைய உயிர்களைப் பார்த்து நேற்றை ஊகித்தார்கள். இங்கே ஒரே ஊர், ஒரே எலி, இரண்டு காலம். நேற்றையும் இன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாகிவிட்டது. உலகத்து அருங்காட்சியகங்களில் அந்துருண்டை வாசனையோடும் பாஷாணத் தூளோடும் உறங்கிக் கிடந்த கோடிக்கணக்கான தோல்களுக்கு அன்றுமுதல் புது மரியாதை. கூடவே புதுப் பயமும். கத்தரியோடு வருகிற ஆராய்ச்சியாளரைக் கண்டால் காப்பாளர்களின் முகம் சுருங்கும். உலகில் ஒன்றே ஒன்று இருக்கும் தோலில் எவ்வளவு வெட்ட விடுவது? அவர்கள் அப்படிக் கறாராக இருப்பதுதான் சரி என்பேன்.

1990-களில் இந்தத் துறைக்குக் கொஞ்சம் தலைகனம் பிடித்தது. பத்துக் கோடி ஆண்டுக்கு முந்திய அம்பர் பிசினில் சிக்கிய வண்டின் டி.என்.ஏ., டைனோசர் காலத்து எலும்பின் டி.என்.ஏ. என்று செய்திகள் வந்தன. 'ஜுராசிக் பார்க்' படம் வந்த காலம் வேறு. அந்த எலும்பு டி.என்.ஏ.வைச் சரிபார்த்தால் அது மனிதருடையது போல இருந்தது. பி.சி.ஆருக்குக் கண் கிடையாது. குழாயில் விழுந்தது தும்மலா டைனோசரா என்று பார்க்காமல் எதையும் கோடியாக்கும். வில்சன் அந்தக் கூத்தைப் பார்க்கவில்லை. 1991 ஜூலை 21 அன்று இரத்தப் புற்றுநோயில் இறந்தார். வயது 56.

நம் நாட்டுத் தோல் ஒன்றைச் சொல்லாமல் இந்த இதழை முடிக்க மனமில்லை.

ஆலன் ஆக்டேவியன் ஹியூம் என்றால் காங்கிரஸைத் தொடங்கியவர் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு மதிப்பெண் கேள்விக்குப் படித்திருப்போம். அவர் பறவைப் பைத்தியம். சிம்லாவில் ராத்னி காசில் என்ற தன் வீட்டில் இந்தியத் துணைக்கண்டத்துப் பறவைத் தோல்களையும் முட்டைகளையும் மலையாகக் குவித்து வைத்திருந்தார். இந்தியப் பறவைகள் பற்றிப் பெரிய நூல் எழுத இருபத்தைந்து ஆண்டாகக் குறிப்புகள் சேர்த்தார். 1880-களில் ஒரு குளிர்காலம் முடிந்து திரும்பி வந்து பார்த்தால் அந்தக் கையெழுத்துக் கட்டுகளைக் காணோம். வேலைக்காரர் பழைய காகிதம் என்று கடைவீதியில் எடைக்குப் போட்டுவிட்டார். மனிதர் உடைந்துபோனார். சேகரம் முழுவதையும், ஏறக்குறைய 82,000 உருப்படிகள், லண்டன் அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார். அங்கிருந்து ஆள் வந்து சிம்லாவில் பெட்டி கட்டியது 1885-இல். அந்த ஆண்டு டிசம்பரில்தான் பம்பாயில் காங்கிரஸின் முதல் கூட்டம்.

அந்தப் பெட்டிகளில் ஒன்றில் ஒரு சின்னப் பழுப்புக் குருவி போனது. 1867 நவம்பரில் இமயமலையில் சட்லெஜ் பள்ளத்தாக்கில், ராம்பூர் அருகே ஹியூம் பிடித்தது. அலகு பெரியதாக இருந்ததால் 1869-இல் புது இனம் என்று பெயரிட்டார். அப்படி இன்னொன்று யாருக்கும் அகப்படவில்லை. ஒற்றைத் தோலை வைத்துக்கொண்டு நூறாண்டுக்கும் மேல் வாதம் நடந்தது. ஏதோ சாதாரண நாணல் கதிர்க்குருவியின் கோணல் பிறவி என்று ஒதுக்கியவர்களே அதிகம். 2002-இல் ஸ்வீடனின் லுண்டு பல்கலைக்கழகத்து ஸ்டாஃபன் பென்ஷ் தன் கூட்டாளியோடு சேர்ந்து அந்தத் தோலின் டி.என்.ஏ.வைப் படித்தார். ஹியூம் சொன்னது சரி, தனி இனம்.

உயிரோடு இருக்கிறதா? 2006 மார்ச் 27 அன்று தாய்லாந்தில், லாம் பாக் பியா என்ற கடலோர ஊரில் கழிவுநீர் சுத்திகரிக்கும் குளங்களருகே பிலிப் ரவுண்ட் என்ற பறவையியலாளர் வலை கட்டி, கதிர்க்குருவிகளுக்குக் காலில் வளையம் மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு குருவி கையில் வித்தியாசமாகப் பட்டது. அலகு நீளம், இறக்கை குட்டை. இரண்டு இறகைப் பிடுங்கிக்கொண்டு பறவையை விட்டுவிட்டார். இறகு லுண்டுக்குப் போனது. பென்ஷ் படித்தார். ஹியூமின் குருவி. 139 ஆண்டு கழித்து இரண்டாவது முறையாக மனிதர் கையில். கொல்ல வேண்டியிருக்கவில்லை, இரண்டு இறகு போதுமானதாக இருந்தது. பிறகு ஆப்கானிஸ்தானின் வாகான் பகுதியில் ஆற்றோரப் புதர்களில் அது பாடுவதையும் கேட்டார்கள். அங்கே 2009-இல் வலையில் விழுந்த பறவைகளையும் டி.என்.ஏ.தான் உறுதிசெய்தது.

நான் முடிக்க நினைத்தது வாகானில் அல்ல. அந்த லண்டன் சேகரத்துப் பறவைத் தோல்கள் இப்போது இங்கிலாந்தின் ட்ரிங் நகரில் இருக்கின்றன. தாய்லாந்துச் செய்தி வந்தபின் அங்கே ஓர் இழுப்பறையைத் திறந்து பார்த்தார்கள். பிளைத் நாணல் கதிர்க்குருவிகள் வரிசையாகக் கிடந்தன. குளிர்காலத்தில் தமிழ்நாட்டு வேலிப்புதர்களில் 'சக், சக்' என்று சத்தம் போட்டுக்கொண்டிருக்குமே, அந்தக் குருவிதான். அவற்றின் நடுவே ஒன்று மட்டும் அலகு சற்றுப் பெரிதாக இருந்தது. டி.என்.ஏ. பார்த்தார்கள். ஹியூமின் குருவியேதான். காலில் கட்டிய சீட்டில் பெயர் தப்பு, ஊரும் ஆண்டும் சரி: இந்தியா, 1869.

(தொடரும்)